நாலாம் பாடத்துக்கு அனுமதி

எய்ட்ஸ் தடுப்புப் பாடம் நடத்துகிறவருக்கு மருத்துவம் ஓரளவு தெரிந்தால் போதும். கமிட்டியைச் சமாளிக்கத்தான் முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும். பள்ளிவாசலோ கோயிலோ சர்ச்சோ, ஏதாவது ஒரு கமிட்டி முன்னால் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்த அன்பர்களே, நீங்கள் எல்லாரும் என் கட்சி.

கத்தரிக்கோல்

2004 வாக்கில் நான் அமெரிக்காவில், ஹூஸ்டன் பக்கம் கேட்டி என்ற ஊரில் பார்மசிஸ்ட். வார இறுதிகளில், கென்யாவின் மொம்பாசாவில் மதரஸா போகும் இளைஞர்களுக்காக எச்.ஐ.வி. பற்றி எட்டுப் பாடம் எழுதினேன். கோடையில் எங்கள் பள்ளிவாசல் பிள்ளைகள் நாலு பேர் போய் நடத்துவதாக ஏற்பாடு. ஏழு பாடத்தில் ஒழுக்கமும் இரக்கமும். நாலாம் பாடம் மட்டும், நோய் எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று போட்டு உடைத்தது. அது போனால் மிச்சம் வெறும் உபதேசம்.

கமிட்டித் தலைவர் ஜமால் அங்கிள் நாகூர்க்காரர், நல்ல மனிதர், அதனால்தான் வம்பு. நாலாவதை வெட்டச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. “முதலில் நம் பிள்ளைகளிடம் நடத்திக் காட்டுகிறேன், அப்புறம் வெட்டுங்கள்” என்றேன். அங்கிள் சிரித்தார். “ட்ரை பண்ணும்மா. ஆனா நம்ம பசங்களுக்கு அதுலல்லாம் டவுட்டே கிடையாது.”

பிரியாணி டப்பா

ஞாயிற்றுக்கிழமை பள்ளிவாசலில் வகுப்பு. பெயர் போடாமல் கேள்வி எழுதிப் போட ஒரு பெட்டி வைத்தேன். கைக்குக் கிடைத்தது பிரியாணி வாங்கிய பிளாஸ்டிக் டப்பா. கழுவித்தான் வைத்தேன். ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிந்தது. ஒரு மணி நேரம் கழித்தும் டப்பா காலி. அங்கிளின் முகத்தில் வெற்றிப் புன்னகை.

காலேஜில் படிக்கும் சபீனா, மொம்பாசா போகவிருந்தவள், என்னை ஓரமாக அழைத்தாள். “ஆன்ட்டி, யார் எழுந்து போறாங்கன்னு எல்லாரும் வாட்ச் பண்றாங்க. நான் எழுந்தா, கார் ஸ்டார்ட் பண்றதுக்குள்ள மம்மிக்கு நியூஸ் போயிடும்.”

உஸ்தாதின் வைத்தியம்

வெளிநாட்டுக்குப் பேசும் காலிங் கார்டில் ரகசிய நம்பரைச் சுரண்டி மொம்பாசாவுக்குப் போன் போட்டேன். அங்கே மதரஸா நடத்தும் உஸ்தாத் என் புலம்பலைக் கேட்டுவிட்டுக் கடகடவென்று சிரித்தார். அவர் வகுப்பில் எல்லாரும் எழுதியே ஆக வேண்டுமாம். கேள்வி இல்லாதவர் மதியம் சாப்பிட்டதை எழுத வேண்டும். அப்போது யார் கேட்டது என்று யாருக்கும் தெரியாது. பெரியவர்களுக்குமா என்றேன். “அவர்களுக்குத்தான் முதல் சீட்டைக் கொடுங்கள், சகோதரி.”

தமிழில் வந்த சீட்டு

அடுத்த ஞாயிறு அட்டைப்பெட்டி வைத்தேன். பிள்ளைகளும் எழுதினார்கள், முனகிக்கொண்டே கமிட்டி அங்கிள்கள் ஆறு பேரும் எழுதினார்கள். பிரித்தால் கத்தரிக்காய், பீட்சா, மறுபடி பீட்சா. நடுவே கேள்விகள் கொட்டின. ஒரே கிளாஸில் தண்ணீர் குடித்தால் வருமா? நிக்காஹுக்கு முன்னால் மாப்பிள்ளையிடம் ரத்தப் பரிசோதனை கேட்கலாமா? ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். கிளாஸால் வராது, பரிசோதனை தாராளமாகக் கேட்கலாம்.

ஒரு சீட்டு மட்டும் தமிழில். பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத வராது, எழுதியவர் ஆறு அங்கிள்களில் ஒருவர். யார் என்று நான் இன்றுவரை தேடவில்லை. “என் தம்பி இந்த நோயில் மவுத்தானான். பயந்துபோய் அவன் மய்யித்தைக் குளிப்பாட்ட நான் போகவில்லை. குளிப்பாட்டியிருந்தால் எனக்கும் வந்திருக்குமா?” இறந்தவர் உடலைக் கையுறை போட்டுக்கொண்டு குளிப்பாட்டினால் பயப்பட வேண்டியதில்லை, கூடவே இருந்தாலும் தொட்டாலும் வராது என்று தமிழிலும் இங்கிலீஷிலும் சொன்னேன். கடைசியில் ஜமால் அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நாலாவது பாடத்துல இதையும் சேர்த்து எழுதும்மா.”

ஜன்னலில் ஆள்

ஜூலையில் ஒரு காலை, பார்மசியைத் திறக்கும் நேரத்தில் மொம்பாசாவிலிருந்து சபீனாவின் போன். மற்ற வகுப்புகளுக்கு முப்பது பேர் வந்தார்களாம். நாலாம் பாடத்தன்று பக்கத்துச் சர்ச் பிள்ளைகளும் சேர்ந்து வந்துவிட்டார்கள். நான் கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு குதி குதித்தேன். “ஆன்ட்டி, சீரியஸா, இடமே இல்ல! ஜன்னல் மேலல்லாம் ஏறி உக்காந்திருக்காங்க!”

இப்போது அந்த ஆறு அங்கிள்களும் “நாங்க அப்பவே சப்போர்ட் பண்ணோமே” என்கிறார்கள். ஜெயித்த பிறகு என்ன வழக்கு என்று நானும் பலமாகத் தலையாட்டி வைக்கிறேன்.