துணைக்கு வந்த எட்டுப் பேர்

இண்டைக்குக் குருநகரிலை, எங்கடை பங்குக் கோயில் மண்டபத்திலை, பொம்பிளையளுக்கு மார்பகப் பரிசோதனை. மச்சாளைக் கூட்டிக்கொண்டு போனன்.

எங்களோடை சேர்த்து வாங்கிலை குந்தியிருந்தது எட்டுப் பேர். "முதல் ஆர் வாறியள்?" எண்டு மிட்வைஃப் மிஸ் கேட்டா. ஒருத்தரும் எழும்பேல்லை.

"நான் இவவுக்குத் துணைக்கு வந்தனான்" எண்டு மச்சாளைக் காட்டினன்.

"ஐயோ, நானெல்லோ உமக்குத் துணைக்கு வந்தனான்!"

விசாரிச்சுப் பாத்தால் எட்டுப் பேரும் துணைதான். டொக்டரிட்டைக் காட்ட வந்த ஆள் ஒருத்தருமில்லை.

"அப்ப துணைக்கு வந்த ஆக்களிலையிருந்து தொடங்குவம்" எண்டு, மீன் விக்கிற அக்காவை மிஸ் கையைப் பிடிச்சு டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போனா.

அக்கா வெளியிலை வரேக்கை கையிலை ஒரு கடிதம். சின்னக் கட்டி ஒண்டு இருக்காம். நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போகவேணுமாம்.

"தனியப் போகப் பயமாக்கிடக்கு பிள்ளையள்" எண்டா. சந்தையையே அதட்டுற மனுசி.

மிச்ச ஏழு பேரும் ஒண்டா எழும்பினம். "நாங்கள் வாறம் அக்கா."



மிஸ் விடேல்லை. "எழும்பின ஆக்கள் திரும்ப வாங்கிலை இருக்காதேங்கோ. அப்பிடியே வரிசையா உள்ளுக்கு வாங்கோ."

இதை எழுதச் சொன்னதும் அந்த அக்காதான்.

நாளைக்கு எட்டுப் பேர் போக ஒரு வான் வேணும். வைச்சிருக்கிற ஆக்கள் சொல்லுங்கோ. துணைக்கு வாறன் எண்டு மட்டும் ஒருத்தரும் சொல்லிப்போடாதேங்கோ, இனி இடமில்லை.