அளப்பதற்குள் கலைந்த சுவடு

அந்தக் கொத்தனாரை எல்லோரும் 'மட்டம்' என்றே கூப்பிட்டார்கள். சுவர்ப் பூச்சில் நூலிழை மேடு பள்ளம் இருந்தாலும் அவருக்குப் பொறுக்காது. யார் வீட்டுக்காவது சாப்பிடப் போனால்கூட, மேசை ஆடுகிறதா என்று விரலால் தட்டிப் பார்த்து, காலுக்கடியில் ஓர் அட்டையை மடித்துச் செருகிய பிறகுதான் உட்காருவார். அவருக்குக் கல்யாணம் பேசப் போன இடத்தில் மேஸ்திரி பெருமையாக, "நம்ம மாப்பிள்ளை மட்டம்ங்க" என்று சொல்லிவைக்க, பெண்ணின் அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. அது பட்டப்பெயர் என்று விளக்கிப் பேச்சை மறுபடி தொடங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "எங்கப்பா அன்னைக்கு சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டார்" என்று மனைவி இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை அவளுக்கு. நாள் முழுக்க வெள்ளைத்துணி மடித்து மடித்து, பேச்சிலும் ஒரு மொடமொடப்பு வந்திருந்தது.

விளையாட்டரங்கத்துக்கு மட்டம் போனது பூச்சு வேலைக்குத்தான். உடை மாற்றும் அறைகளுக்குச் சிமெண்டு பூசிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியே பார்த்தால் நீளம் தாண்டும் மணல்குழி தெரியும். யாரோ ஒருத்தர் மணலை ஏனோதானோவென்று இழுத்துவிட்டுப் போவார். நடுவில் முதுகு மாதிரி ஒரு மேடு நிற்கும். ஒரு நாள் பார்த்தார், இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப் போய், தன் மட்டப்பலகையாலேயே குழி முழுவதையும் சமன் செய்துவிட்டார்.

அந்தப் பக்கமாக வந்த தலைமை நடுவர், பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருக்கிற அம்மா, குனிந்து பார்த்தார்.

"யாருங்க இதைப் பண்ணது?"

"நான்தாம்மா. கண்ணை உறுத்துச்சு."

"நாளைக்கும் உறுத்துமா?"

அப்படித்தான் அவர் மணல்குழி ஆளானார். போட்டி நடக்கும் நாட்களில் மட்டும் போவார். மணலைச் சலித்து, பிடித்தால் பிடி நிற்கும் அளவுக்கு ஈரம் தெளித்து, ஒவ்வொருவர் தாண்டியதும் நீளக் கைப்பிடி போட்ட பலகையால் இழுத்துச் சமன் செய்வார். மூன்று வருஷம் கழித்து, பல நாட்டு வீரர்கள் கலந்துகொள்ளும் பெரிய போட்டி அந்த அரங்கத்துக்கு வந்தது. அவருக்கும் சீருடை கொடுத்தார்கள். கழுத்தில் தொங்கவிட அட்டையும் உண்டு. அட்டையில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்து மனைவி, "போலீஸ் தேடுற ஆளு மாதிரி இருக்கீங்க" என்றாள். ஆனாலும் சீருடைக்கு அவளே இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

ஆண்கள் நீளம் தாண்டுதல் இறுதிச்சுற்று ஒரு பிற்பகலில் நடந்தது. பன்னிரண்டு பேர். ஒவ்வொருவருக்கும் முதலில் மூன்று வாய்ப்பு. அதில் முன்னால் நிற்கிற எட்டுப் பேருக்கு மட்டும் இன்னும் மூன்று. காலை ஊன்றி எழும்புகிற பலகையைத் தாண்டி மிதித்துவிட்டால் சிவப்புக் கொடி. அந்தத் தாண்டல் கணக்கில் சேராது. சரியாக மிதித்தால் வெள்ளைக் கொடி. உடனே குழியோரத்தில் நிற்கிற நடுவர், மணலில் உடம்பு பட்ட சுவடுகளில் பலகைக்கு மிக அருகே இருப்பது எதுவோ அங்கே ஒரு கம்பியை ஊன்றுவார். தூரத்தில் இருக்கும் கருவி அளவைக் காட்டும். கம்பியைப் பிடுங்கிக்கொண்டு அவர் நிமிர்ந்ததும் மட்டம் மணலை இழுப்பார்.

கம்பி ஊன்றியவர் ஒரு வங்கி எழுத்தர், தடித்த கண்ணாடிக்காரர். அவரும் மட்டமும் பல போட்டிகளில் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். பேசிக்கொள்ளவே வேண்டாம். எழுத்தர் நிமிர்ந்தால் மட்டம் இழுப்பார்.

அந்த இறுதிச்சுற்றில் பச்சைச் சட்டை போட்ட ஒருவன் இருந்தான். உயரமானவன், ஒல்லி. முதல் இரண்டு தாண்டலுக்கும் அவனுக்குச் சிவப்புக் கொடி. மூன்றாவதற்கு ஓடிவரும் முன் வெகுநேரம் நின்றான். பிறகு ஓடினான். மட்டம் எப்போதும் ஓடுகிறவனைப் பார்க்க மாட்டார்; மணலைத்தான் பார்ப்பார். அவன் வந்து விழுந்தபோது மணல் ஒரு வீச்சாக எழுந்தது. கூட்டம் 'ஓ' என்றது. வெள்ளைக் கொடி உயர்ந்தது.

எழுத்தர் கம்பியோடு குனிந்தார். எழும்பிய மணல் கண்ணாடிக்குள் போயிருந்தது. கண்ணைத் துடைப்பதற்காக நிமிர்ந்தார்.

மட்டத்தின் கை இழுத்துவிட்டது.

ஒரே இழுப்பு. குழி கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. எழுத்தர் கம்பியை ஊன்றக் குனிந்து, அப்படியே நின்றார். ஊன்றுவதற்கு ஓர் இடமும் இல்லை.

முதலில் புரிந்துகொண்டது பச்சைச் சட்டைக்காரன்தான். இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு என்னவோ கத்தினான். மொழி தெரியாவிட்டாலும் என்ன கேட்டான் என்று மட்டத்துக்கு விளங்கியது.

தலைமை நடுவர் அம்மா ஓடிவந்தார். "யார் சொல்லி இழுத்தீங்க?"

"யாரும் சொல்லலம்மா. கை இழுத்துடுச்சு."

"என் கண்ணாடிதாங்க காரணம்" என்று எழுத்தர் இடையில் புகுந்தார். "நான் நிமிர்ந்திருக்கக் கூடாது."

அந்த அம்மா இருவரையும் திட்டவில்லை. விதிப்புத்தகத்தைப் புரட்டி, மற்ற அதிகாரிகளோடு பேசி, அவனுக்கு இன்னொரு வாய்ப்பு தர முடிவு செய்தார். எல்லோரும் மூன்றாம் சுற்றை முடித்த பிறகு அவன் மறுபடி ஓடினான். ஆனால் அந்த ஓட்டத்தில் முன்பிருந்த வேகம் இல்லை. ஏழு மீட்டர் எழுபத்துநான்கு. எட்டாவது இடத்தில் இருந்தவனுக்கு ஏழு எழுபத்தேழு. மூன்று சென்டிமீட்டர் குறைவாக, ஒன்பதாவதாக வெளியே போனான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போகும்போது குழிப்பக்கம் திரும்பவே இல்லை.

"அம்மா, பலகையை வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க" என்றார் மட்டம்.

"இன்னும் மூணு சுற்று இருக்கு. வேற யார் இருக்கா? நீங்கதான் இழுக்கணும்."

இழுத்தார். ஒவ்வொரு முறையும் எழுத்தர் "ஆச்சுங்க" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே இழுத்தார்.

வீட்டுக்குப் போனால் மச்சினன் முன்னறையில் டீயோடு உட்கார்ந்திருந்தான். கட்டடங்களுக்கு ஒயரிங் செய்கிற எலெக்ட்ரீஷியன்; வாய் கொஞ்சம் நீளம்.

"மாமா! டிவியில வந்துட்டீங்க. முகம் வரல, கை மட்டும்தான். மூணு தடவை போட்டுக் காட்டினான்."

"வாயை மூடிட்டு டீயைக் குடிடா" என்றாள் அவனுடைய அக்கா.

மட்டம் சீருடையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். "எத்தனை வருஷம் ஓடியிருப்பான்? என் கை ஒரு நொடியில அழிச்சிடுச்சு."

"தெரிஞ்சா செஞ்சீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"தெரியாம செஞ்சா அவனுக்கு வலிக்காதா?"

அவள் போட்டு வைத்த சோறு அன்றிரவு பாதிக்கு மேல் தட்டிலேயே மிஞ்சியது.

மறுநாள் பிற்பகல் பெண்களுக்கான இறுதிச்சுற்று. மட்டம் காலையிலேயே போய் மணலுக்கு ஈரம் தெளித்துக்கொண்டிருந்தார். நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் பச்சைச் சட்டைக்காரன். இன்று சாதாரணச் சட்டை. கூடவே மொழிபெயர்ப்புக்கு அமர்த்தியிருந்த பெண்ணும் தலைமை நடுவர் அம்மாவும்.

மட்டம் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினார். "தம்பி, தப்பு என்னுதுதான். உங்ககிட்ட என்ன சொல்றதுன்னே தெரியல."

அந்தப் பெண் அதை அவனிடம் சொன்னாள். அவன் தலையாட்டக்கூட இல்லை. சுருக்கமாக ஏதோ கேட்டான்.

"மன்னிப்புக்காக வரலையாம்" என்றாள் அவள். "நேத்து மணல்ல அவர் எங்கே விழுந்தார், அதைக் கிட்டக்க பார்த்தது நீங்க ஒருத்தர்தான், உங்களுக்கு ஞாபகம் இருக்கான்னு கேக்கறார். டிவியிலயும் அந்தப் பக்கம் சரியாத் தெரியலையாம்."

ஞாபகமா? இரவெல்லாம் கண்ணை மூடினால் அதுதானே தெரிந்தது.

மட்டம் குழியில் இறங்கினார். எட்டு மீட்டர் தூரத்தைக் காட்ட ஓரத்தில் நட்டிருந்த 'எட்டு' என்ற அட்டையைப் பார்த்து, அதிலிருந்து ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக அப்பால் தள்ளி, இரண்டு கைமுட்டியால் இரண்டு குதிகால்களைப் பதித்தார். அவன் உற்றுப் பார்த்தான். உதடு அசைந்தது.

மட்டம் எழுந்திருக்கவில்லை. இன்னொரு சுவடு இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் அவன் எட்டு மீட்டரைத் தாண்டியவனாகவே ஊருக்குப் போவான். பிறகு குதிகாலுக்குப் பின்னால், இடப்பக்கம், தன் உள்ளங்கையை அழுத்தினார்.

"இடது கை இங்க பட்டுது. அளந்திருந்தா இங்கேருந்துதான் அளந்திருப்பாங்க."

அந்தப் பெண் மொழிபெயர்க்கும் முன்பே அவனுக்குப் புரிந்துவிட்டது. இடது முழங்கையை மடித்து, மணிக்கட்டுக்குக் கீழே தோல் உராய்ந்திருந்த இடத்தைத் தானே திருப்பிப் பார்த்தான்.

தலைமை நடுவர் அம்மா இரும்பு டேப்பைப் பிரித்தார். ஒரு முனையை, கால் ஊன்றி எழும்பும் பலகையில் அவனே பிடித்துக்கொண்டான். குதிகால் வரைக்கும் எட்டு மீட்டர் பதினாறு. உள்ளங்கை வரைக்கும் ஏழு தொண்ணூற்றுமூன்று.

"இது எந்த ரெக்கார்டுலயும் ஏறாது. நான் கையெழுத்தும் போட முடியாது" என்றார் அந்த அம்மா.

பெண் அதைச் சொன்னாள். தெரியும் என்பதுபோல் அவன் கையை அசைத்தான். பிறகு நீளமாக ஏதோ பேசினான்.

"இதுக்கு முன்னாடி இவரோட பெஸ்ட் ஏழு எண்பத்தெட்டாம். ஏழு தொண்ணூத்திமூணுன்னா முதல் எட்டுப் பேர்ல வந்திருப்பேங்கிறார்."

"வந்திருப்பார்" என்றார் மட்டம். "இன்னும் கோவமா இருக்காரான்னு கேளும்மா."

கேட்டாள். அவன் யோசிக்காமல் பதில் சொன்னான்.

"கோவம்தானாம். ஆனா அந்தக் கையை நீங்க மறைக்கல, அதனால குதிகாலையும் நம்புறாராம்."

அவன் குழியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, அந்த மூன்று பள்ளங்களையும் பார்த்துக்கொண்டே இருந்தான். போனை எடுக்கவில்லை, படம் பிடிக்கவில்லை. வீரர்களை ஏற்றிப்போக வந்த பேருந்து வெளியே ஹாரன் அடித்தது. எழுந்து, மட்டத்தைப் பார்த்து ஒரே ஒரு தடவை தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

மணலை எப்போது இழுப்பது என்று மட்டத்துக்குத் தெரியவில்லை. அந்த அம்மாவும் அவசரப்படுத்தவில்லை. வெயில் ஏறி மேல்மணல் காயத் தொடங்கிய பிறகுதான் பலகையைக் கையில் எடுத்தார்.

பிற்பகல் போட்டி குறையில்லாமல் முடிந்தது. சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் சொன்னபோது மனைவி கேட்டாள்:

"கை குடுத்தானா?"

"இல்ல."

"திட்டினானா?"

"அதுவும் இல்ல. ரொம்ப நேரம் பார்த்துட்டு இருந்தான்."

"அந்தக் கையை எதுக்கு சொன்னீங்க? எட்டு மீட்டர்னு நினைச்சுட்டு சந்தோஷமாப் போயிருப்பானே."

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஆனா ஒரு தடவை அழிச்சது போதாதா?"

அவள் தட்டை எடுத்து வைத்தாள். முந்தின நாளிலிருந்து சரியாகச் சாப்பிடாத மனிதர், இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டு, தலை நிமிராமல் சாப்பிட்டார்.