பக்கத்து வகுப்பின் மௌனம்

திரையில் அதுவரை பேசாமலே இருந்த பையன் கடைசியில் வாய் திறந்து ஒரு சொல் சொன்னதும் வகுப்பே எழுந்து கை தட்டியது. ஆசிரியராக நடித்தவர் அவனைத் தூக்கிச் சுற்றினார். கிள்ளான் தியேட்டரில் எனக்கு முன்வரிசையில் இருந்தவர்களும் கை தட்டினார்கள். என் மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். பங்சாரில் என் அலுவலகத்தில் எல்லோரும் "டிஷ்யூ எடுத்துட்டுப் போங்க அக்கா" என்று சொல்லி அனுப்பிய படம். நானோ அந்த டிஷ்யூவில் பாப்கார்ன் தின்ற கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

உனக்கு ஏன் பிடிக்கவில்லை என்று காரில் மகள் கேட்டாள். அந்த ஆசிரியர் ஓயாமல் பேசுகிறார் என்றேன். மழையில் நனைந்துகொண்டு பேசுகிறார், திடலில் பேசுகிறார், தலைமையாசிரியரிடம் முகத்துக்கு நேரே பேசுகிறார். ஊர் மெச்சட்டும், எனக்கு ஏமாற்றம்தான். ஒரு டீச்சர் பேசாமல் நின்றதைப் பக்கத்திலிருந்து கேட்டவள் நான். 

கல்யாணத்துக்கு முன் கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். என் வகுப்புக்கும் புகுமுக வகுப்புக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். தமிழ்ப்பள்ளியை முடித்து, மலாயில் தேறாமல் வந்த பிள்ளைகள் படிவம் ஒன்றுக்கு, அதாவது ஏழாம் வகுப்புக்கு, போகும் முன் ஒரு வருடம் உட்காரும் வகுப்பு அது. 'ரிமூவ்' என்று மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்கள். அந்த வகுப்பை அங்கிருந்த மூத்த டீச்சர் தானாகக் கேட்டு வாங்கியிருந்தார்.

அதில் ஜெஞ்சாரோமிலிருந்து வந்த ஒரு பெண் பேசவே மாட்டாள். முதல் வாரம் கேன்டீனில் மலாயில் ஏதோ கேட்கப்போய் எல்லோரும் சிரித்துவிட்டார்களாம். அன்று மூடிய வாய். வாய்மொழித் தேர்வில் எப்படித் தேறுவாள்? லோரி ஓட்டும் அவள் அப்பா ஒருநாள் பள்ளிக்கே வந்துவிட்டார். "பேசாத புள்ளைக்கு எதுக்கு டீச்சர் ஸ்கூலு? வீட்டுல தம்பியப் பாத்துக்கட்டும், நிப்பாட்டிடறேன்." அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். டீச்சர் சொன்னது இவ்வளவுதான்: "இந்த ஸ்கூல் தவணை முடியட்டும் அண்ணே."

காலையில் டீச்சர் பெயர் கூப்பிடுவார். "ஹாடிர், சிக்கு", வந்திருக்கிறேன் டீச்சர், என்று ஒவ்வொரு பிள்ளையும் மலாயில் தன் வருகையைச் சொல்லும். அவள் பெயர் வந்ததும் மற்ற பிள்ளைகள் பாவம் பார்த்து அவளுக்காகக் கோரஸாகச் சொல்லிவிடுவார்கள். டீச்சர் அதை மட்டும் ஏற்கமாட்டார். அவள் பெயரைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். அதட்டல் இல்லை, கொஞ்சல் இல்லை. தடுப்புக்கு இந்தப் பக்கம் என் பிள்ளைகள்கூட எழுதுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, நாளைக்கு" என்பார். மறுநாளும் அதே பெயர், அதே காத்திருப்பு. முந்தின நாளின் சலிப்பு அந்தக் குரலில் துளிகூட இருக்காது. எனக்கு அந்தப் பொறுமை வராது, சத்தியமாக வராது. நானாக இருந்தால் மூன்றாம் நாளே அவள் பெயரைத் தாண்டிப் போயிருப்பேன்.

தவணை முடியப்போகும் நேரத்தில் ஒரு காலை, அந்த மௌனத்துக்கு நடுவில் ஒரு குரல் வந்தது. தொண்டையில் சளி கட்டியதுபோல் கரகரத்த குரல். "ஹாடிர், சிக்கு." நான் சாக்கட்டியைக் கீழே போட்டுவிட்டேன். டீச்சர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் அடுத்த பெயரை வாசித்தார்.

அந்தப் பெண் பிறகு தேர்வு எழுதினாள், படிவம் ஒன்றுக்கும் போனாள். முதல் நாள் அவள் அப்பாவே லோரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். ஆனால் அவள் வாய் திறந்த அந்தக் காலையில் எனக்கு டீச்சர்மேல் கோபம்தான் வந்தது. இடைவேளையில் ஆசிரியர் அறையில் போய்க் கேட்டுவிட்டேன், ஒரு வார்த்தை பாராட்டியிருக்கக் கூடாதா என்று.

"இத்தனை நாளு அவ தனியா இருந்தா லா. இன்னைக்குத்தான் மத்த புள்ளைங்களோட சேந்தா. கை தட்டி மறுபடியும் தனியா நிக்க வைக்கச் சொல்றியா?"

சொல்லிவிட்டுத் தேநீரை எடுத்தார். ஏற்கெனவே சர்க்கரை போட்டிருந்ததை மறந்து இன்னொரு கரண்டி போட்டார்.