ஓடிபி என் நம்பருக்கு வரட்டும்

என்னிடம் ஸ்மார்ட்போன் இல்லை. வாங்க வக்கில்லாமல் இல்லை, வேண்டாம் என்றுதான் வாங்கவில்லை. இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு பரிதாபம் வரும் பாருங்கள், அதைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஐயோ, கம்ப்யூட்டர் எல்லாம் பழக்கம் இல்லையா?" என்று ஆதரவாகக் கேட்பார்கள். பழக்கமாவது! கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடிய காலத்திலிருந்து கம்ப்யூட்டர் முன்னால்தான் என் பிழைப்பு. கேட்கிறவர்களில் பாதிப் பேர் அப்போது பால்புட்டியோடு தவழ்ந்துகொண்டிருந்திருப்பார்கள்.

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் சாலையில் இருக்கும் ஓர் எண்ணெய்க் கிடங்கில் எனக்கு வேலை. பெட்ரோலும் டீசலும் டாங்கர் லாரிகளில் நிரப்பி அனுப்பும் இடம். லாரிகளுக்கான ரசீதுகளை அடிப்பது நான். உள்ளே எந்நேரமும் பெட்ரோல் ஆவி இருப்பதால் தீப்பெட்டியும் போனும் கேட்டைத் தாண்டக் கூடாது. வாசலில் செக்யூரிட்டி அறையில் அறை அறையாகத் தடுத்த ஒரு மரப்பெட்டி இருக்கிறது. போனை அணைத்து அதில் வைத்துவிட்டு, டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். மேலாளருக்கும் அதே சட்டம்தான். சாயங்காலம் போன் கைக்குத் திரும்பியதும் மற்றவர்கள் பள்ளிவிட்டு வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள். எனக்கு அந்த ஏக்கம் வந்ததே இல்லை. பேசவும் மெசேஜ் படிக்கவும் ஒரு பட்டன் போன் இருக்கிறது, அது போதும்.

பணம் கட்டுவதெல்லாம் ராயபுரத்து வீட்டில் நானே வாங்கிப் போட்ட கம்ப்யூட்டரில்தான். கார்டைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். முன்பக்கத்து எண்ணை நான்கு நான்காக அடித்து, காலாவதி மாதத்தைப் போட்டு, பின்பக்கத்து மூன்று எண்களையும் போட்டால் முடிந்தது. பெரிய திரை, பெரிய எழுத்து, பணம் யாருக்குப் போகிறது என்பது நேராகக் கண்ணில் படும். உள்ளங்கையில் ஏதோ கட்டத்தைக் காட்டி 'டிங்' என்று சத்தம் வந்ததும் நகர்ந்துவிடுகிறவர்களைவிட எனக்கு என் பணத்தின் மீது பார்வை அதிகம். ஆனால் கடைசிப் பக்கத்தில் ஓடிபி கேட்குமே, அங்கேதான் வில்லங்கம். என் கார்டுக்கான ஓடிபி என் தம்பியின் போனுக்குப் போய்க்கொண்டிருந்தது.

சம்பளக் கணக்குக்கு வங்கியில் போன் நம்பர் கேட்டபோது என்னிடம் எந்தப் போனும் இல்லை. "என் நம்பர குடுத்துடலாம்க்கா" என்றான் தம்பி. கொடுத்தோம். அதன்பிறகு நான் எதை வாங்கினாலும் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருக்கும் அவன் பையில் மணி அடிக்கும். நான் கூப்பிட்டு எண்ணைக் கேட்பேன். "வந்துகீது. இன்னாத்துக்கு?" என்பான். செருப்பு என்பேன். "போன தபாதானே வாங்குன?" என்பான். துணி என்பேன். "இன்னா துணி?" என்பான். எல்லாத் துணியையும் தம்பியிடம் சொல்ல முடியுமா? அவன் கெட்டவன் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் சம்பளம் என்னுடையது, கார்டில் இருப்பது என் பெயர், கடைசிச் சொல் மட்டும் அவனிடம் இருந்தது. பிறகு பட்டன் போன் வாங்கியும் அந்த நம்பரை நான் மாற்றவில்லை. அதைப் பெரிதாக நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தேன்.

எர்ணாவூர்ப் பக்கம் அரசு அடுக்குமாடி வீடுகளுக்கு விண்ணப்பம் கேட்டார்கள். ஆன்லைனில் மட்டும்தான். விண்ணப்பத்தோடு முன்பணமும் கட்டினால் குலுக்கலில் பெயர் சேரும். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பாவும் அம்மாவும் போனபிறகு தம்பி குடும்பத்தோடுதான் இருக்கிறேன். படுப்பது கூடத்தில். உறவுக்காரர்கள் வந்தால் முதலில் மடிக்கப்படுவது என் கட்டில். "இதுவும் உன் வூடுதான்க்கா" என்று சொல்லிக்கொண்டே மடிப்பார்கள். எனக்கு ஒரு வீடு வேண்டும். நானே பூட்டி நானே திறக்கிற ஒரு கதவு வேண்டும். ஐம்பதைத் தாண்டியவள் இதைக் கேட்பது ஏன் எல்லாருக்கும் அதிசயமாக இருக்கிறது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

வீட்டுக்கு விண்ணப்பிப்பதையும் அதற்கான கடைசி நாளையும் தம்பியிடம் முன்பே சொல்லியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். விவரங்களை எல்லாம் நிரப்பி, கார்டு எண்ணை அடித்தேன். கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தம்பியின் போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தான். பிறகு அதைக் கவிழ்த்து வைத்தான்.

"இன்னாக்கா, இந்த வூட்ல உனக்கு இன்னா கொற கீது?"

"கொறையெல்லாம் ஒண்ணும் இல்லடா. நம்பர சொல்லு."

"அப்பால பேசிக்கலாம். ஊர்ல நாலு பேரு இன்னா நெனப்பான்? அக்காவ தொரத்திட்டான்னு சொல்ல மாட்டான்?"

அவன் மனைவி இன்னொரு மீன் துண்டை அவன் தட்டில் வைத்தாள். அவன் அதை முள் எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தான். நான் எழுந்து போய்க் கை நீட்டிய மேனிக்கு நின்றேன். நேரம் முடிந்துவிட்டது, மறுபடி முயலவும் என்று திரையில் எழுத்து வந்தது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. என் பணத்தை நான் கட்ட இவன் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருக்க வேண்டுமா?

மறுநாள் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு வண்ணாரப்பேட்டையில் இருக்கும் என் வங்கிக் கிளைக்குப் போனேன். கணக்கில் இருக்கும் நம்பரை என் பட்டன் போனுக்கு மாற்ற வேண்டும் என்று கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம் சொன்னேன். தலை நிமிராமல், "ஆப்லயே மாத்திக்கலாமே மேடம்" என்றாள்.

"ஆப்பு கீப்பு எல்லாம் எங்கிட்ட இல்லம்மா."

"வீட்ல யார்கிட்டயாவது நல்ல போன் இருக்குமே? பையன், தம்பி யாராவது..."

"தம்பிகிட்டேர்ந்து மாத்தத்தான் வந்துகிறேன்."

அப்போதுதான் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். வேறெதுவும் கேட்கவில்லை. மேசைக்குள்ளிருந்து ஒரு படிவத்தை எடுத்து, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று பேனாவால் காட்டினாள். இரண்டொரு நாளில் மாறிவிடும் என்றாள்.

மாறியது கடைசி நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம். அன்று இரவு முழுக்க ராயபுரத்தில் கரன்ட் இல்லை. மறுநாள் எனக்கு வேலை, விண்ணப்பமோ சாயங்காலம் ஐந்து மணியோடு மூடிவிடும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்த மேலாளரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். பணம் கட்டும் பக்கத்தில் போனில் ஸ்கேன் செய்யச் சொல்லி ஒரு பெரிய கட்டம் இருந்தது. கார்டு என்பது எங்கோ அடியில் சின்ன எழுத்தில் கிடந்தது. தேடிப் பிடித்து அழுத்தினேன். எண்களை அடித்தேன். ஓடிபி அனுப்பப்பட்டுள்ளது என்று வந்தது, பக்கத்திலேயே நட்சத்திரக் குறிகளுக்குப் பின்னால் என் நம்பரின் கடைசி எண்கள். வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்தபடியே கைப்பைக்குள் கையை விட்டேன்.

போன் வாசலில் மரப்பெட்டிக்குள் இருந்தது, அதுவும் அணைத்து வைத்தபடி. இப்படி ஒரு தப்பை எங்கள் கிடங்குக்காரர்களால்தான் செய்ய முடியும். காலையில் போனைக் கொடுப்பது எங்களுக்குச் செருப்பைக் கழற்றுவது மாதிரி, கொடுத்தோம் என்ற நினைப்பே இருக்காது. ஓடிப் போய் எடுக்கலாம் என்றால் எங்கள் வளாகத்தில் ஓடக் கூடாது. லாரிகள் திரும்பும் இடம், ஓடினால் மெமோதான். வேகமாக நடந்தேன். வாசலுக்குப் போய்ச் சேருவதற்குள் அந்த எண் செத்துவிட்டது. போனை உள்ளே கொண்டுபோகவும் முடியாது.

காவலுக்கு இருந்தவள் வியாசர்பாடிக்காரி, வேலைக்குப் புதிது. போனை முடுக்கி அவள் மேசையில் வைத்து, "நான் உள்ளேர்ந்து இன்டர்காம்ல கூப்புட்றேன். இதுல வர்ற நம்பர படி" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். மறுபடி முதலிலிருந்து அடித்தேன். இன்டர்காமை எடுத்தேன்.

"அக்கா, வந்துட்ச்சுக்கா. ஆனா யாராண்டயும் சொல்லாதன்னு போட்டுக்கீதே. சொல்லலாமா?"

"அது யாரு போனு?"

"உன்துதான்."

"அப்ப எங்கிட்ட சொல்லு."

ஒவ்வொரு எண்ணாகக் கத்திப் படித்தாள். நடுவில் ஒன்று சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு முறை கேட்டேன். "நல்லா சத்தமா சொல்லுமா!" என்று பின்னால் ஏதோ ஒரு லாரி டிரைவரின் குரல் கேட்டது. ஓடிபியை இப்படிச் சந்தைக் கடையாக்கலாமா என்று வங்கிக்காரர்கள் திட்டுவார்கள். திட்டட்டும். அவளும் என்னைக் கேள்வி கேட்டாள்தான், ஆனால் இன்னாத்துக்கு என்று கேட்கவில்லை.

திரையில் வட்டம் சுற்றியது. பிறகு பச்சை எழுத்தில் பணம் செலுத்தப்பட்டது என்று வந்தது. சாப்பிடாமலே ரசீது அடிக்க உட்கார்ந்தேன், பசியே தெரியவில்லை. குலுக்கலில் என் பெயர் வருமோ வராதோ, அது என் கையில் இல்லை. சீட்டைப் போடுவது என் கையில் இருந்தது, போட்டுவிட்டேன்.

அன்று இரவு தம்பி சாப்பிட உட்கார்ந்தபோது போனைத் தட்டுக்குப் பக்கத்திலேயே, திரை மேலே இருக்க வைத்திருந்தான். இரண்டு மூன்று முறை அதைப் பார்த்தான்.

"இன்னிக்குத்தானே கடசி நாளுன்ன? கட்லியாக்கா?" என்றான். குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

"கட்டிட்டேன்டா."

"எனக்கு மெசேஜே வர்லியே?"

"இனிமே உனக்கு வராது" என்று சொல்லிவிட்டு, என் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு அவனுக்கு எதிரில் உட்கார்ந்தேன்.