பூஜைக்குப் போகாத டிஸ்க்குகள்

நான் பிடிவாதக்காரி என்று கிள்ளானில் ஒரு குடும்பம் இன்றைக்கும் சொல்லும். தாராளமாகச் சொல்லட்டும்.

எண்பதுகளின் பிற்பகுதியில் அந்தக் குடும்பத்தின் லோரி கம்பெனியில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தாவாக இருந்தேன். துறைமுகத்திலிருந்து சரக்கு ஏற்றும் கம்பெனி. எந்த லோரி என்றைக்கு எங்கே போனது, எந்த டிரைவர் எத்தனை டிரிப் அடித்தார் என்ற விவரத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியது நான்தான். எங்கள் கம்ப்யூட்டர் வயிற்றில் எதுவும் தங்காது. அத்தனையும் சதுரமான, மெல்லிய டிஸ்க்குகளில்தான் இருக்கும். டிஸ்க்கின் ஒரு பக்கத்தில் நீளவாக்கில் ஒரு திறந்த இடம் உண்டு. அதில் விரல் பட்டாலே உள்ளே இருப்பதெல்லாம் போச்சு.

பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த வகுப்பில்தான் நான் கம்ப்யூட்டர் படித்தேன். நகல் எடுத்தால் மட்டும் போதாது, அது வேறொரு கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்று அங்கே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதனால் ஒரு நகல் ஆபீஸ் அலமாரியில் இருக்கும். இன்னொன்று சனிக்கிழமைதோறும் என் கைப்பையில் பஸ் ஏறி, வீட்டிலிருந்த பிஸ்கட் டின்னுக்குள் போகும். இதற்கு முதலாளியிடம் சம்மதம் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

“ஆபீஸ் கணக்கு உன் வீட்டுல எதுக்குமா?”

“இங்க தீப்பிடிச்சா என்ன பண்ணுவீங்க, பாஸ்?”

“வாயக் கழுவு லா!” என்று கத்தினார். ஆனாலும் பயந்து ஒத்துக்கொண்டார்.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. லோரிகளைக் கழுவி, வாழைக்கன்று கட்டி ஒரே அமர்க்களம். பூஜை விஷயத்தில் எல்லாமே முதலாளியின் மனைவி வைத்ததுதான் சட்டம். முதல்நாள் என்னைக் கூப்பிட்டார்.

“வீட்டுல இருக்கிற டிஸ்க்கையும் நாளைக்குக் கொண்டாந்துரு. எல்லாத்தையும் ஒண்ணா வச்சுத்தான் சாமி கும்பிடணும்.”

“அது மட்டும் வேணாம் ஆன்டி. எல்லாம் ஒரே எடத்துல இருக்கக்கூடாதுன்னுதானே அங்க வச்சிருக்கேன். நான் வீட்டுலயே அதுக்குப் பூஜை போட்டுடறேன்.”

“உன் வீட்டுல போட்டா அது உன் குடும்பத்துக்கு. எங்க தொழிலுக்கு எப்படி வந்து சேரும்?”

டிஸ்க்கைத் தர மாட்டேன் என்றே நின்றேன். முதலாளியே எழுந்து வந்தார். “கொண்டு வரலைன்னா பூஜைக்கும் வராத, வேலைக்கும் வராத!”

சாமி மேல் எனக்கு என்ன கோபம்? வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள்தான் நான். ஆனால் டிரைவர்கள் வருடம் முழுக்க ஓடி உழைத்தது அந்த டிஸ்க்குகளில் இருந்தது. தீபாவளிக்கு யாருக்கு எவ்வளவு போனஸ் என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். வராதே என்றார்கள், போகவில்லை.

வீட்டில் உட்கார்ந்து அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். வேலை போனது வலித்தது, அழுகையும் வந்தது. அழுதுகொண்டேதான் டின்னைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

பூஜையில் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் இருந்திருந்தால் கத்தியாவது தடுத்திருப்பேன். முதலாளியின் மனைவி டிஸ்க்குகளை உறையிலிருந்து எடுத்து, தாம்பாளத்தில் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார். பொட்டு வைக்க வாகாக இருந்தது அந்தத் திறந்த இடம்தான். அலமாரியிலிருந்த நகலுக்கும் அதே மரியாதை. மறுநாள் நல்ல நேரம் பார்த்து முதலாளி ஒரு டிஸ்க்கை உள்ளே தள்ள, கம்ப்யூட்டர் கரகரவென்று கத்திவிட்டு நின்றுவிட்டது. சர்வீஸ்காரர் வந்து மெஷினைத் துடைத்துப் பிழைக்க வைத்துவிட்டார். டிஸ்க்குகளில் ஒன்றுகூடத் தேறவில்லை.

அன்று சாயங்காலமே முதலாளியின் கார் எங்கள் ஃபிளாட்டின் கீழே வந்து நின்றது. மாடியேறி வந்தவர் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, உட்காராமலேயே கேட்டார்.

“அந்த டின்னக் குடுமா.”

“இதத் தர மாட்டேன், பாஸ். இதுலேர்ந்து இன்னொண்ணு எடுத்துத் தரேன். இது இங்கதான் இருக்கும்.”

அவர் முகம் கடுத்தது. இருந்தாலும், நான் வகுப்புக்குப் போய் நகல் எடுத்து வரும்வரை அம்மா போட்ட தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு காத்திருந்தார்.

“சனிக்கிழமைக்கு அப்புறம் ஓடின டிரிப்பெல்லாம்?” என்றார், வாங்கிக்கொண்டே.

“டிரைவருங்க சீட்டு இருக்குல்ல, பார்த்து அடிச்சுக்கலாம்.”

“சரி, நாளைக்கு வேலைக்கு வந்துடு. ஆனா எங்க வீட்டுல ரொம்ப மனசு கஷ்டப்படுறாங்க. பூஜைக்கு எதிரா நடந்ததுக்கு ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுடு.”

“கேட்டுடேன்டி. வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடும்?” என்றார் அம்மா.

நான் முதலாளி பக்கம் திரும்பினேன். “வேலை வேணும், பாஸ். மன்னிப்பு மட்டும் கேக்க மாட்டேன். இப்பக் கேட்டா அடுத்த வருசமும் இதக் கொண்டான்னு சொல்லுவாங்க. அப்ப யார் வீட்டு வாசல்ல போய் நிப்பீங்க?”

செருப்பை மாட்டிக்கொண்டு பாதிப் படி இறங்கியவர், திரும்பிப் பார்க்காமலேயே, “எட்டு மணிக்கு வந்துடு லா” என்றார்.

போனேன். மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் கம்பெனியில் இருந்தவரை ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வெறுங்கையோடுதான் போனேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.