பரணில் கிடந்த பெல்ட்

எழுபதுகளின் கடைசியில், எறையூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில் நாங்கள் கரும்பு வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. கோயிலில் எங்கள் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைத் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் ஒரே கவலை. அன்றைக்காவது இவள் அப்பா நன்மை வாங்குவாரா?

சில வருடங்களாகவே என் வீட்டுக்காரர் பூசைக்கு வருவார், கடைசித் தூணோடு நின்றுவிடுவார். காரணம் எனக்குத் தெரியும். அவருக்கும் அவர் தம்பிக்கும் ஒரே கிணறு, ஒரே ஆயில் இன்ஜின். ஒரு கோடையில் தண்ணீர் முறையில் சண்டை வந்து, இவர் கோபத்தில் இன்ஜின் பெல்ட்டைக் கழற்றி வந்து எங்கள் வீட்டுப் பரணில் போட்டுவிட்டார். பெல்ட் இல்லாமல் தண்ணீர் ஏறாது; தன் முறைக்கு மட்டும் எடுத்துப் போய் மாட்டுவார். எங்கள் கரும்பு ஆலைக்குப் போனது. தம்பியின் கரும்பு காய்ந்து அடுப்புக்குப் போனது. அதோடு பேச்சு நின்றது.

“சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செஞ்சிட்டு நன்மை வாங்க வேண்டியதுதானே?” என்று கேட்டால், “காஞ்சது சாமியாரோட கரும்பாடி? தம்பி பயிரைக் கொன்னுட்டு ஆண்டவர் முன்னாடி எப்படி நாக்கை நீட்டுறது?” என்பார்.

புதுநன்மைக்கு முந்தின ஞாயிறு, புதிதாக வந்த சாமியார் பிரசங்கத்தில், “பெற்றோர் எல்லாரும் ஒப்புரவு செய்துவிட்டுத்தான் பிள்ளைகளை அழைத்து வர வேண்டும்” என்றார். எங்களுக்கு அந்த வார்த்தை புதுசு. வழியில் இவர் கேட்டார்.

“அது என்னடி ஒப்புறவு?”

நான் அஞ்சாம் வகுப்பு. தெரிந்த மாதிரிச் சொன்னேன்: “வுட்டுப்போன உறவை ஒத்துக்கிறதுதான். வேறென்ன?”

மறுநாள் காலையில் இவர் பரணில் ஏறிப் பெல்ட்டை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு, “வாடி” என்றார்.

தம்பி வாசலில் மண்வெட்டிப் பிடியைச் செதுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. அவர் மனைவிதான் பேசினாள்.

“என்னக்கா, வழி தவறி வந்துட்டீங்களா? பெல்ட்டு வந்துருக்கு, கரும்பு எங்கன்னு மாமாவைக் கேளுங்க.”

“தப்பு என்னுதுதான்டா தம்பி. இது இனிமே உன் வூட்டுலயே கெடக்கட்டும். எனக்கு வேணும்னா உன்னைக் கேட்டு வாங்கிக்கறேன்” என்றார் இவர்.

தம்பி செதுக்கிக்கொண்டே இருந்தார். இவர் பெல்ட்டைக் கீழே வைத்து வெயிலிலேயே உட்கார்ந்துவிட்டார். “அவன் பேசாம நான் எந்திரிக்க மாட்டேன்.” நான் கூப்பிட்டும் அசையவில்லை. தம்பி எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார். வெயில் உச்சிக்கு ஏறியது. தம்பி மனைவிக்கே பொறுக்காமல் சொம்போடு வந்தாள்.

“குடிங்க மாமா. மயங்கி கியங்கி வுழுந்தா எங்க தலையிலதான் பழி.”

“அவன் குடுத்தா குடிக்கிறேன்.”

தம்பி திரும்பி வந்தபோதும் இவர் அதே இடத்தில். ஒரு நிமிடம் நின்று பார்த்தார். மனைவி கையிலிருந்த சொம்பை வாங்கி நீட்டினார்.

“புடி. புள்ளைக்குப் புதுநன்மையாமே, எங்களுக்குச் சொல்லமாட்டியா?”

என் வீட்டுக்காரர் தண்ணீரைக் குடித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை அவர் சாமியாரிடம் முழந்தாளிட்டார். ஞாயிறன்று மகளுக்குப் பின்னால் அண்ணனும் தம்பியும் நன்மை வாங்க வரிசையில் நின்றார்கள். பூசை முடிந்து நான் நடந்ததைச் சொல்ல, சாமியார் சிரித்துவிட்டார். “பாவசங்கீர்த்தனத்தைத்தாம்மா இப்ப ஒப்புரவுங்கிறோம். அதுக்குச் சின்ன ‘ர’ம்மா!”

ஆண்டவர் சிலுவையிலேயே மன்னிப்பைக் கொடுத்துவிட்டார். அதை வாங்கவிடாமல் எங்கள் பரணில்தான் ஒரு பெல்ட் கிடந்தது. சின்ன ‘ர’தான் சரி என்று தெரிந்தும், அந்த வார்த்தையை எழுதும்போதெல்லாம் என் கை இன்றைக்கும் பெரிய ‘ற’வைத்தான் போடுகிறது.