பூட்டனார் எங்கே பிறந்தார்?

போன திங்கட்கிழமை காலை, என் மனைவியின் அண்ணன் மகள் தவமலர் வல்வெட்டித்துறையிலிருந்து முதல் பஸ்ஸில் புறப்பட்டுக் கொக்குவிலில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். புதுச் சேலை. கையில் நியமனக் கடிதம். யாழ்ப்பாணத்தில் ஓர் அரசாங்கக் கந்தோரில் தமிழ்த் தட்டெழுத்தாளர் வேலை! யாருடைய சிபாரிசும் இல்லாமல் பரீட்சை எழுதி வென்ற வேலை.

"முதல் நாள், மாமா... நீங்களும் வாருங்கோவன்" என்றாள். போனேன். போனபடியால்தான் இந்த வாரம் இவ்வளவு கோபம்.

அந்தக் கந்தோரின் தலைமை இலிகிதர் எங்களுக்கு அந்நியர் அல்லர். தவமலரின் ஒழுங்கையிலேயே, மூன்றாவது வீடு. அவருடைய மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவளே தவமலர்தான். பெயரை எழுதவில்லை. அவர் வீட்டுக்கும் இந்தப் பத்திரிகை போகிறது.

"வா பிள்ளை, வா" என்று வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை விரித்தார். பல் மறைந்தது.

"கொப்பர் பிறந்தது நாகபட்டினமோ?"

"ஓம். அப்பாவின்ரை அப்பா தோணியிலை சரக்கு ஏத்திக்கொண்டு போகேக்கை, அப்பாச்சியும் கூடப் போனவவாம். கடல் குழம்பித் திரும்ப ஏலாமல் போச்சு. அப்பா அங்கை பிறந்திட்டார்."

அவ்வளவுதான் கதை. குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்குமுன் ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பிறகு அந்தக் குழந்தை வளர்ந்தது, படித்தது, கடலோடியது, கலியாணம் முடித்தது எல்லாம் இங்கேதான்.

"தகப்பன் இலங்கையிலை பிறக்கேல்லையெண்டால், தகப்பன்ரை தகப்பனும், அவரின்ரை தகப்பனும் இங்கை பிறந்ததைக் காட்டவேணும். அப்பதான் நீ இலங்கைப் பிரசை. அப்பதான் வேலை" என்றார் தலைமை இலிகிதர்.

"இந்தக் குடும்பத்தை உங்களுக்குத் தெரியாதோ?" என்று நான் கேட்டேன்.

"எனக்குத் தெரியும். கந்தோருக்குத் தெரியாதே!"

வெள்ளிக்கிழமைக்குள் காட்டாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்களாம்.

தெரியாமல்தான் கேட்கிறேன் — உங்களில் எத்தனை பேரிடம் பூட்டனாரின் பிறப்பத்தாட்சிப் பத்திரம் இருக்கிறது? அவர் பிறந்தபோது மருத்துவிச்சி கந்தோருக்கு ஓடிப்போய்ப் பதிந்தாளா? ஒரு பெண் தட்டெழுத்து அடிப்பதற்கு, அவளுடைய விரலைப் பார்ப்பார்களா, பூட்டனாரின் தொட்டிலைத் தேடுவார்களா?

செய்தி கேட்டு மச்சான் கதிரேசு — தவமலரின் தகப்பன் — மறுநாள் தானே கந்தோருக்கு வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, தோளில் சால்வை. அவரைக் கண்டதும் தலைமை இலிகிதர் பதறி எழுந்து கதிரையை இழுத்துப் போட்டார்.

"கதிரேசண்ணை, இருங்கோ, இருங்கோ."

"ஆரைத் தம்பி இருக்கச் சொல்லுறீர்? உங்கடை கந்தோருக்குத்தான் என்னைத் தெரியாதே!"

இருக்கவே இல்லை. பேசி முடியும்வரை நின்றபடியேதான் பேசினார். பேச்சின் முடிவில் தலைமை இலிகிதர் ஒரு வழி சொன்னார். ஒரு சமாதான நீதவான் — அத்தாட்சிக் கையெழுத்து வைக்க அரசாங்கம் பட்டம் கொடுத்த பெரிய மனிதர் — "இந்தக் குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாக அறிவேன்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தால் போதுமாம்.

 பஸ் நிலையத்தில் மச்சான் மகளைப் பார்த்து, "என்னாலைதானே பிள்ளை உனக்கு இந்த வில்லங்கம்" என்றார். எத்தனையோ புயலைக் கண்ட மனிதர். குரல் உடைந்துவிட்டது.

"என்ன அப்பா கதைக்கிறியள்? பிறந்தது ஒரு குற்றமே?" என்றாள் தவமலர். அவளுக்கும் கண் கலங்கியது.

எனக்குத் தெரிந்த ஒரு சமாதான நீதவான் பட்டணத்தில் இருக்கிறார். பெரிய கடை முதலாளி. புதன்கிழமை தவமலரைக் கூட்டிக்கொண்டு போனேன். நாங்கள் கொண்டுபோன தாளில், நான்கு தலைமுறையாக நேரில் அறிந்ததாக ஒரே இழுப்பில் கையெழுத்து வைத்தார். பேனையை மூடிவிட்டு நிமிர்ந்து கேட்டார்:

"பிள்ளையின்ரை பேர் என்ன?"

சிரிப்பதா, அழுவதா? மூன்றாம் வீட்டுக்காரருக்குத் தெரியாத குடும்பம், முன்பின் காணாதவருக்கு நான்கு தலைமுறையாகத் தெரியும்!

வெள்ளிக்கிழமை தலைமை இலிகிதர் அதை வாங்கிப் படித்து, "இனிப் பிரச்சினை இல்லை" என்று மறுபடி சிரித்தார். தவமலர் தட்டெழுத்துப் பொறியின் முன் அமர்ந்தாள்.

இதோடு முடிந்திருந்தால் நானும் ஒரு பெருமூச்சு விட்டுச் சும்மா இருந்திருப்பேன்.

விறாந்தையில் போட்டிருந்த வாங்கில் அமர்ந்தபடி இன்னொருவர் காத்திருந்தார். ராமையா என்று பெயர். மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து, இதே கந்தோரில் காவலாளி வேலைக்குத் தெரிவானவர். அவரிடமும் அதே கேள்வி.

"அப்பா அட்டன் பக்கத்துத் தோட்டத்து லயத்து வீட்டுலதாங்க பொறந்தாரு. யாரும் பதிஞ்சு வைக்கல" என்றார் ராமையா.

"அப்ப போய்ட்டு வாரும்." அவ்வளவுதான். கதிரையும் இல்லை, வழியும் சொல்லவில்லை.

தவமலர் எழுந்து வந்தாள். "மாமா, எனக்குக் கையெழுத்து வைச்சவர் இவருக்கும் வைப்பார்தானே? கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள். உத்தரவு மாதிரி இருந்தது. கூட்டிக்கொண்டு போனேன்.

முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தபடி பேனையைத் திறந்தார். ராமையா வணக்கம் சொல்லி, ஊரைச் சொன்னார். அந்த மலைநாட்டுப் பேச்சைக் கேட்டதும் பேனை மூடிக்கொண்டது.

"உவரை எனக்கு எப்பிடித் தெரியும்? தெரியாத ஆளுக்கு நான் கையெழுத்து வைக்கிறேல்லை."

இந்தப் பிரசாவுரிமைச் சட்டத்தை, இந்தியாவிலிருந்து வந்து குடியேறிய தோட்டத்து மக்களுக்கென்றே தைத்தபோது, அது நமக்கு அளவெடுத்த சட்டை அல்ல என்று நம்மில் எத்தனை பேர் பேசாமல் இருந்தோம்! இன்று அதன் ஒரு கை நம் மச்சான்மேல் விழுந்ததும் துள்ளுகிறோம். நமக்கு மட்டும் ஒரு கையெழுத்துக் கிடைத்ததும் மறுபடி அடங்கிவிடுகிறோம்.

முதலாளியோடு நான் சத்தம் போட்டேன். கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ராமையாதான் என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார்.

"பரவாயில்லைங்க ஐயா" என்றார்.

அவருக்குப் பரவாயில்லையாம்... உங்களுக்கு?